பியூலா பேசுகிற மெஷின்

ஜூலை 3, புதன்

மெஷின்: பியூலாவுடையது. கோளாறு: பேசவில்லை.

கைக்கு வரும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் போடுவது எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். தூத்துக்குடி ஹார்பர் பக்கம் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் நாற்பது கம்ப்யூட்டர், நாற்பது நோட்டு. எதைத் தொட்டோம், எது நின்றது, என்ன செய்தோம், எல்லாம் தேதி போட்டு எழுத வேண்டும். எனக்குப் பிறகு வருகிறவன் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைத் தேதியோடு எழுத வேண்டும். வீட்டு மெஷினுக்கு இதுவரை நோட்டு தேவைப்படவில்லை. நாலு வருஷத்தில் அது ஒரு நாள்கூட நின்றதில்லை.

நேற்று சாயங்காலம் நெட் கேபிள் செருகியிருந்த சமயத்தில் புது ஓ.எஸ். தானாக ஏறிவிட்டது. காலையில் பார்த்தால் பளபளவென்று ஒரு திரை, வணக்கம் சொல்லி இளிக்கிறது. பேச்சு புரோகிராமைத் திறந்தால், இந்தப் பதிப்பில் இது இயங்காது என்று ஒரு பெட்டி வருகிறது. அடப்பாவிகளா, ஓடிக்கொண்டிருந்ததை ஏனடா தொட்டீர்கள்?

நோட்டைப் படிக்கிறவனுக்காக: பியூலா என் மனைவி. வயது ஐம்பத்தொன்று. மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள். நரம்பு நோய் வந்து கை, கால், நாக்கு என்று வரிசையாக அடங்கிவிட்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் தவிர வலது கன்னத்தை மட்டும் கொஞ்சம் அசைக்க முடியும். கன்னத்தை ஒட்டி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னும். வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தால் அழுத்துவாள். வாக்கியம் முடிந்ததும் மெஷின் வாசிக்கும், அதுவும் அவள் குரலிலேயே. நாக்கு ஒழுங்காக இருந்த காலத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லா எழுத்தையும் அவளே பேசிப் பதிந்து வைத்தாள். 'கூ' என்ற எழுத்தில் மட்டும் பின்னால் ஒரு காக்கா கத்தும்.

ஜூலை 4, வியாழன்

ஆபீசுக்கு லீவு போட்டேன். புரோகிராமை வலது கிளிக் செய்து, பழைய ஓ.எஸ். மாதிரியே நடந்துகொள் என்று டிக் போட்டேன். திறந்தது. ஆனால் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. இது பழங்காலத் தமிழ் ஃபாண்டில் செய்த புரோகிராம், புது ஓ.எஸ்.ஸுக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. ஃபாண்டைத் தேடிப் பிடித்து ஏற்ற மூன்று மணி நேரம் ஆனது. எழுத்து வந்துவிட்டது.

சுவிட்ச் வரவில்லை.

மத்தியானம் கஞ்சி கொடுத்தேன். அரை டம்ளர் இறங்க ஐம்பது நிமிஷம். இரண்டு தடவை புரை ஏறியது.

ஜூலை 5, வெள்ளி

சுவிட்ச்சின் டிரைவர், அதாவது அதை மெஷினோடு இணைக்கிற சின்ன புரோகிராம், பழைய ஓ.எஸ்.ஸுக்காக எழுதியது. கம்பெனிக் கையெழுத்து இல்லாத டிரைவரை ஏற்றமாட்டேன் என்கிறது புதுசு. இதை எழுதிக்கொடுத்தவர் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார். வெளிநாடு போய் மூன்று வருஷமாகிறது. மெயில் போட்டேன், போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஜூலை 6, சனி

பியூலாவின் தங்கச்சி ரூபி வந்தாள். முத்தையாபுரத்தில் இருக்கிறாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து அக்காவைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டுப் போவாள்.

"என்ன அத்தான், நாலு நாளா அக்கா சத்தத்தையே காணோம்?"

"ஓ.எஸ். மாறிட்டு. பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க பாத்தா சட்டுனு ஆயிருமே?"

குனிந்து சுவிட்ச் வயரைக் கழற்றி மறுபடி செருகினேன். இருக்கிற எரிச்சலில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று இருந்தது.

டாக்டர் விஷயத்தை ரூபியிடம் சொல்லவில்லை. இங்கே குறித்து வைக்கிறேன். ஒன்றாம் தேதி டாக்டர் நசீமாவிடம் போயிருந்தோம். பியூலாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூச்சு அளவு நூற்றுக்கு ஐம்பத்தாறு. டாக்டர் என்னிடம் சொல்லாமல், பியூலாவைப் பார்த்துத்தான் சொன்னார்: "டீச்சர், இனிமே வாய் வழியா சாப்பாடு உங்களுக்குப் பத்தாது. வயித்துல சின்னதா ஒரு துளை போட்டு குழாய் வச்சிரலாம். ஆனா இந்த அளவு ஐம்பதுக்குக் கீழ போயிட்டா மயக்க மருந்து குடுக்க முடியாது. வேணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும். இருபதாம் தேதிக்குள்ள சொல்லிருங்க."

அவள் சொல்ல வேண்டும் என்றால் முதலில் மெஷின் ஓட வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

கட்டில் விரிப்பு மாற்றினேன். தண்ணீர் லாரி வந்தது. சுவிட்ச் டிரைவர் இன்னும் மெஷினில் ஏறவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சின்ன விஷயங்களுக்கு எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. கண்ணை இறுக்கி மூடினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை. ஃபேன் போடவா? மூடினாள். டிவி? மேலே பார்த்தாள். முதுகு வலிக்குதா? மூடினாள். திருப்பிப் படுக்க வைத்தேன்.

அப்புறமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வலிக்குதா என்றேன். மேலே பார்த்தாள். தாகமா? மேலே பார்த்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். அப்புறம் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூலை 11, வியாழன்

ரூபி ஒரு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் மகள் காலேஜில் யாரோ சொன்னார்களாம். கண் போகும் திசையைப் பார்த்தே எழுத்தைப் பிடித்துக்கொள்கிற ஒரு செயலி, இலவசம். எல்லாப் புது ஓ.எஸ்.ஸிலும் ஓடுமாம். அழுத்திக் காட்டினாள். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு வாசிக்கிற பொம்பளை மாதிரி ஒரு குரல் வந்தது.

"இது யாரு குரல்? இது பியூலாவா?"

"யாரு குரலா இருந்தா என்ன அத்தான்? அக்கா நெனச்சதைச் சொன்னா போதாதா? யக்கா, இது வச்சுக்கிடுதியா?"

பியூலா கண்ணை இறுக்கி மூடினாள். கண் உறுத்தியிருக்கும், இப்போதெல்லாம் அடிக்கடி நீர் வடிகிறது. அவள் குரல் இரண்டு மாத உழைப்பு, அதை விட்டுவிட்டு எவளோ ஒருத்தியை அவளுக்காகப் பேசச் சொல்வதா? டேப்லெட்டை ரூபியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

என் கோபம் நியாயமானதுதான். புது ஓ.எஸ். போடுகிறவர்களுக்கு என்ன போயிற்று? பழைய புரோகிராமுக்குள் யார் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா? ஆபீசில் எல்லோரிடமும் நான் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான். ஓடுகிற மெஷினை நெட்டில் செருகாதீர்கள்.

ஜூலை 12, வெள்ளி

ஏழு வருஷத்துக்கு முன்னால் பியூலாவின் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கில் குழாய். மனுஷன் அதைப் பிடுங்கப் பிடுங்கக் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். வராண்டாவில் வைத்து பியூலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னைய இப்படி ஒரு நாளும் வச்சிராதீங்க." நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

இதை ஏன் மெஷின் நோட்டில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான்.

ஜூலை 15, திங்கள்

வேறு வழியில் முயன்றேன். புது ஓ.எஸ்.ஸுக்கு உள்ளேயே ஒரு பொய் மெஷினை உண்டாக்கி, அதற்குள் பழைய ஓ.எஸ்.ஸைப் போட்டேன். மெஷினுக்குள் மெஷின். புரோகிராம் திறந்தது, எழுத்து வந்தது, சுவிட்சும் வந்தது. கை தட்டாத குறை.

சுவிட்ச்சைக் கன்னத்தில் வைத்தேன். பியூலாவின் கண் பளிச்சென்று விரிந்தது. உடனே அழுத்த ஆரம்பித்தாள். ஆனால் அவள் அழுத்துவது உள்ளே போய்ச் சேர இரண்டு நொடி ஆகிறது. அதற்குள் வெளிச்சம் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது. 'டா' வந்தது, 'க்' வந்தது, அப்புறம் வந்ததெல்லாம் தப்பு. அழித்தாள், மறுபடி அழுத்தினாள், மறுபடி தப்பு. அரை மணி நேரம் போராடினாள். கன்னம் சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. சோர்ந்து போகிறாளே என்று நானே அணைத்துவிட்டேன்.

சும்மா இருக்கும் நேரத்திலெல்லாம் அவள் கண் அந்தத் திரைமேலேயே இருக்கிறது.

ஜூலை 17, புதன்

காலையில் இட்லியை மசித்து ஊட்டினேன். புரை ஏறி முகம் நீலம் பாய்ந்துவிட்டது. தலையைக் கவிழ்த்து முதுகில் தட்டித் தட்டி எடுத்தேன்.  

சாயங்காலம் காய்ச்சல் நூற்றியிரண்டு. தெரு முனை டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் ஏதோ இறங்கியிருக்கிறது என்று ஊசி போட்டார். பெரிய டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னார். இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

காய்ச்சல் நூறு. கஞ்சித் தண்ணீர் மட்டும்.

ஜூலை 20, சனி

டாக்டர் நசீமா போன் செய்தார். கையில் வேலை இருந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

மறுபடி இரண்டு தடவை போன். காய்ச்சல் விட்டுவிட்டது. மூச்சு விடும்போது கழுத்து நரம்பு எழும்புகிறது. ஆளைத் தூக்கினால் கனமே இல்லை, எலும்பு கையில் இடிக்கிறது.

தாமதத்தை இரண்டு நொடியிலிருந்து ஒன்றேகாலுக்குக் குறைத்துவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

ரூபி பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"டாக்டரம்மா எனக்குப் போன் போட்டாவ. இருபதாந்தேதிக்குள்ள சொல்லணும்னு சொன்னாவளாமே? வயித்துல குழா வைக்கணுமாமே? எனக்கு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"அவளே சொல்லட்டும்னு பாத்தேன். மெஷின் சரியாவட்டும்னு..."

"ஆபீஸ்ல மெஷின் நின்னுட்டா ரெண்டு மணி நேரத்துல எழுப்பிருவேன்னு பீத்திக்கிடுவீயளே. இதுக்குப் பேக்கப் கெடையாதா?"

நான் பியூலாவைப் பார்த்தேன். பியூலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கேம்லா? பேக்கப் கெடையாதா?"

"இருக்கு."

"எங்க?"

"பீரோவுல."

"எப்போ எடுத்தது?"

"மார்ச்சுல."

ரூபி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க மனுசனா அத்தான்?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அப்புறம் எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். "நான் கேக்கட்டா இவட்ட, கண்ணால?"

"வேண்டாம். போடுதேன்."

பேக்கப் டிஸ்க்கை எடுத்து, பழைய ஓ.எஸ்.ஸை அப்படியே திருப்பி ஏற்றினேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆனது. சுவிட்ச் வேலை செய்தது, எழுத்து வந்தது, தாமதம் இல்லை.

திருத்தம். ஜூலை 3 பதிவில் 'தானாக ஏறிவிட்டது' என்பதைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். சரியானது இது: ஜூலை 2 சாயங்காலம் ஐந்து மணி. பியூலா 'டாக்டர்கிட்ட சொல்லுங்க' என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்காக வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த ஆஸ்பத்திரி வராண்டா கண் முன்னால் வந்தது. வேண்டாம் என்று அவள் குரலில் கேட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன்? எழுந்து போய் நெட் கேபிளைச் செருகினேன். 'இப்போதே மேம்படுத்து' என்று வந்தது. அழுத்தினேன். அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து திரை நன்றாகத் தெரியும்.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு பியூலா எழுத ஆரம்பித்தாள். இருபத்தைந்து நிமிஷம். நான் ஒரு எழுத்தைக்கூட முந்திக்கொண்டு ஊகிக்கவில்லை. மெஷின் வாசித்தது:

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. வயித்துல வைக்கட்டும். மூக்குல மட்டும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்."

ரூபி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. அவள் சொன்னதை மெஷின் மாற்றி வாசித்துவிட்டதோ என்று எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். அதேதான் இருந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவள் வேண்டாம் என்றது மூக்குக் குழாயைத்தான். நான் ஏழு வருஷமாக அதை வேறு மாதிரி மனசில் வைத்திருந்தேன். அவளுக்கு உயிர்மேல் ஆசை இருந்திருக்கிறது. ஐயோ, இருந்திருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை. மூன்றில் அதிகமானது முப்பத்தெட்டு.

டாக்டர் நசீமா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் சார் இவ்வளவு நாள்?"

"மெஷின் ரிப்பேர்."

"கண்ணால ஆமா, இல்ல சொல்வாங்களே. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

நான் சொன்னேன்: "எப்படியாவது பண்ணிருங்க டாக்டர். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்."

"இந்த அளவுல மயக்கம் குடுத்தா மேசையிலயே போயிருவாங்க. நான் பண்ண மாட்டேன். வேற யாரும் பண்ணவும் மாட்டாங்க. இந்த மாச ஆரம்பத்துலன்னா பண்ணியிருப்பேன். இப்போ இருக்கிறது மூக்கு வழிதான். அதுவும் வேணாம்னா பட்டினிதான் சார்." அப்புறம் பியூலா பக்கம் குனிந்தார். "டீச்சர், கேட்டுச்சா? உங்க முடிவுதான். போடட்டுமா?"

பியூலா ரொம்ப நேரம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். அப்புறம் இறுக்கி மூடினாள்.

ஜூலை 26, வெள்ளி

மூக்குக் குழாய் போட்டார்கள். நான் வெளியே நிற்கவில்லை. கூடவே நின்றேன். குமட்டல் வந்து உடம்பு உதறியது, கண்ணீர் காதுக்குள் வடிந்தது. அவள் கையைக் கட்டவில்லை. கட்டுவதற்கு அந்தக் கையில் அசைவும் இல்லை.

ஜூலை 27, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இருநூறு மில்லி, ஊசிக் குழாய் வழியாக. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் மூக்கு புண்ணாகிறது. ரூபி சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள், என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது சரிதான்.

ஜூலை 28, ஞாயிறு

மெஷின் நிலை: நன்றாக இருக்கிறது. பழைய ஓ.எஸ்., நெட் இல்லை.

எதிர் வீட்டு ஜனங்கள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பியூலாவின் தலையணையைச் சரி செய்து, சுவிட்ச்சைக் கன்னத்தில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கேபிளை நானே செருகியது, டிஸ்க் பீரோவில் இருந்தது, டாக்டர் போனை எடுக்காதது. நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கு முகத்தை மாற்ற முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

சொல்லி முடித்ததும் கன்னம் அசைந்தது. பத்து நிமிஷம் ஆனது. கோபமா, அழுகையா என்று தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத்தான் பதிந்து வைத்திருக்கிறாள். அந்தக் குரலில் மெஷின் வாசித்தது:

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"பயமா இருந்துச்சு," என்றேன். "நீ வேண்டாம்னு சொல்லிருவன்னு பயந்துட்டேன்."

அவள் எழுத்துகளின் பக்கம் போகவில்லை. கீழே, சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. வெளிச்சம் அங்கே வரும்வரை காத்திருந்து அழுத்தினாள்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

நான் அதே பதிலைச் சொன்னேன். வெளிச்சம் மேலே முதல் வரிசைக்குப் போய், ஒவ்வொரு வரிசையாக இறங்கி, மறுபடி அந்தக் கட்டத்துக்கு வந்தது. அவள் அழுத்தினாள்.